ரோட் ஐலண்ட்: நான்கு பருவங்கள், ஒரு கரை

அமெரிக்க மாநிலங்கள் ஐம்பதில் பரப்பளவில் ஆகச் சிறியது ரோட் ஐலண்ட். வடக்குத் தெற்காக 48 மைல், கிழக்கு மேற்காக 37 மைல். நிலப்பரப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் 2,700 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. நம்மூர்க் கணக்கில் ஒரு சிறிய மாவட்டம். பாஸ்டனிலிருந்து நியூயார்க்குக்குக் காரில் போகிறவர்கள் ஐ-95 நெடுஞ்சாலையில் இந்த மாநிலத்தை ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடுவார்கள். காப்பி குடிக்க நிறுத்தினால்தான் இப்படி ஒரு மாநிலம் இருப்பதே தெரியவரும்.

பெயரில் தீவு இருந்தாலும் மாநிலத்தின் பெரும்பகுதி தீவல்ல. ஆனால் நாரகன்செட் விரிகுடா தெற்கிலிருந்து தலைநகரான ப்ராவிடென்ஸ் வரை உள்ளே புகுந்திருக்கிறது. விரிகுடாவுக்குள் பல தீவுகள். எல்லா வளைவு நெளிவுகளையும் சேர்த்துக் கரையின் நீளம் 400 மைல் என்று இங்கே சொல்வது வழக்கம். எந்த மூலையில் வசித்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் உப்புக்காற்றை முகர்ந்துவிடலாம்.

மென்பொருள் வேலை காரணமாக இங்கே வந்து சேர்ந்த எனக்கு, வார இறுதிகளில் அதிகச் செலவில்லாமல் வெளியே சுற்ற இதைவிட வசதியான இடம் அமையாது என்று தோன்றுகிறது. இங்கே குடிவந்திருக்கும், அல்லது பாஸ்டன், கனெக்டிகட் பக்கமிருந்து ஒரு நாள் பயணமாக வர நினைக்கும் நண்பர்களுக்காகப் பருவவாரியாக இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். ஆனால் எந்த இடத்துக்கு எப்போது போகலாம் என்பதற்கு முன்னால், எங்கே நிற்க நமக்கு உரிமை உண்டு என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மாநிலத்தில் அது முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் வழக்கு.

கரை யாருடையது?

மெரினாவில் கால் நனைத்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் பதில் மாறும். பக்கத்து மாநிலமான மாசசூசெட்ஸில் நீர் வற்றும் கோடு வரைக்கும்கூடத் தனியார் சொத்தாக இருக்கலாம்.

ரோட் ஐலண்டில் கரை மக்களுடையது. இரண்டாம் சார்லஸ் மன்னர் 1663-ல் இந்தக் குடியேற்றத்துக்கு அளித்த சாசனத்திலேயே மீன்பிடி உரிமை பேசப்படுகிறது. 1843-ல் நடைமுறைக்கு வந்த மாநில அரசியல் சட்டம், மக்கள் அதுவரை அனுபவித்து வந்த மீன்பிடி உரிமைகளும் கரைக்குரிய சலுகைகளும் தொடரும் என்று உறுதி சொன்னது. அந்தச் சலுகைகள் எவை என்பதற்கு 1986-ல் நான்கு உதாரணங்கள் சேர்க்கப்பட்டன: கரையிலிருந்து மீன் பிடிப்பது, கடற்பாசி சேகரிப்பது, கரையிலிருந்து இறங்கிக் கடலில் நீந்துவது, கரையோரமாக நடந்து போவது.

சரி, கரை என்பது எதுவரை? 1982-ல் மாநில உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், சராசரி உயர் ஓதக் கோடுதான் எல்லை என்றது. அதாவது, நீர் ஏறும் உச்ச மட்டத்தை நாள்தோறும் அளந்து, 18.6 ஆண்டுகளுக்குச் சராசரி எடுத்தால் கிடைக்கும் கோடு. நிலவின் சுற்றுப்பாதை ஒரு முழு ஊசலாட்டத்தை முடிக்க அவ்வளவு காலம் ஆகிறது என்பதால் அந்த எண். பொறியியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு இந்த வரையறையில் குறை தெரியவில்லை. மணலில் நடக்கிறவன் என்ற முறையில் இது பயனற்றது. அந்தக் கோட்டைக் கண்ணால் பார்க்க முடியாது. கருவியோடு நில அளவையாளர் வந்தால்தான் கண்டுபிடிக்கலாம். அலை ஏறி இறங்கும் இடத்தில், பல நேரம் தண்ணீருக்கடியில்தான் அது இருக்கும். 2019-ல் சவுத் கிங்ஸ்டவுனில் கடற்பாசி சேகரித்துக்கொண்டிருந்த ஒருவர் அத்துமீறி நுழைந்ததாகக் கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டு பிறகு கைவிடப்பட்டது. ஆனால் அரசியல் சட்டத்தில் பெயர் சொல்லி எழுதிவைத்த உரிமைக்கே இந்த நிலை என்பது பலரை யோசிக்க வைத்தது.

2023 ஜூனில் மாநிலச் சட்டமன்றம் புதிய சட்டம் கொண்டுவந்தது. கடைசியாக நீர் ஏறி வந்ததன் அடையாளமாக மணலில் பாசியும் சிப்பித் தூளும் குப்பையும் ஒதுங்கி ஒரு கோடு தெரியுமல்லவா? அதிலிருந்து நிலத்தின் பக்கமாக 10 அடி வரை பொதுமக்கள் நடக்கலாம், இருக்கலாம். இதைப் பார்க்க ஒரு குழந்தை போதும், அளவையாளர் வேண்டியதில்லை. ஆனால் மூன்று விஷயங்களை மறக்கக் கூடாது. பாசிக்கோடே இல்லாத பாறைச் சரிவு, கடற்சுவர், புல்வெளி, மணல்மேடு ஆகியவற்றுக்கு இந்த உரிமை பொருந்தாது. தனியார் போட்டுவைத்த நாற்காலியிலோ பந்தலிலோ உட்கார உரிமையில்லை. முக்கியமாக, அந்தக் கோட்டை அடைவதற்காக ஒருவர் வீட்டு வாசல் வழியே நுழைய உரிமையில்லை. சட்டத்தை எதிர்த்துச் சொத்து உரிமையாளர்கள் தரப்பில் வழக்குகளும் தொடரப்பட்டன.

ஆகவே கடல் எல்லோருக்கும் பொது. வழி மட்டும் பொதுவல்ல. கரைக்குப் போகும் பொது வழிகளை அடையாளம் கண்டு அறிவிப்பது, 1971-ல் அமைக்கப்பட்ட மாநிலக் கடலோர வள மேலாண்மைக் குழுவின் வேலை. இதுவரை 200-க்கும் மேற்பட்ட வழிகளை அறிவித்திருக்கிறார்கள். இரு வீடுகளுக்கு நடுவே ஆறடி அகலச் சந்தாகவும் இருக்கும், சாலை முடியும் இடமாகவும் இருக்கும். பட்டியலும் வரைபடமும் இணையத்தில் கிடைக்கின்றன.

இளவேனில்: மார்ச் முதல் மே வரை

நாட்காட்டியில் மார்ச்சிலேயே வசந்தம் வந்துவிடும். காற்றுக்கு அது தெரிய மே மாதம் ஆகும். கடல் நீர் குளிர்ந்தே கிடப்பதால் கரையோரம் உள்நாட்டைவிடச் சில டிகிரி குறைவாகவே இருக்கும். ஜாக்கெட்டை உள்ளே வைத்துவிடாதீர்கள்.

மார்ச் இறுதியில் விராலடிப்பான்கள் தெற்கிலிருந்து திரும்பி, கம்பங்களின் மேல் கூடு கட்டத் தொடங்கும். டிடிடி பூச்சிமருந்தால் அருகிப்போன இந்தப் பறவை, 1972-ல் அம்மருந்து தடைசெய்யப்பட்ட பிறகு மீண்டு வந்தது. ஏப்ரலில் ஹெர்ரிங் மீன்கள் முட்டையிடக் கடலிலிருந்து ஓடைகளில் எதிர்நீச்சல் போட்டு ஏறும். சான்டர்ஸ்டவுனில் உள்ள கில்பர்ட் ஸ்டூவர்ட் அருங்காட்சியகத்தின் ஓடையில், மீன் ஏணி வழியாக அவை துள்ளிப் போவதைக் குழந்தைகளுக்குக் காட்டலாம். காட்ட மட்டும்தான், எண்ணிக்கை குறைந்ததால் 2006 முதல் இவற்றைப் பிடிக்கத் தடை.

ஏப்ரல் முதல் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பைப்பிங் ப்ளோவர் என்ற சிறிய உப்புக்கொத்தி, கூடு கட்டாமல் வெறும் மணலில் நான்கு முட்டை இடும். மணல் நிறம் என்பதால் மிதித்த பிறகுதான் தெரியும். 1986 முதல் இது மத்திய அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. ட்ரஸ்டம் பாண்ட் சரணாலயத்தின் மூன்ஸ்டோன் கடற்கரையில் ஏப்ரல் தொடக்கம் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை மணல்மேடுகளுக்குக் கயிறு கட்டிவிடுவார்கள். நம் உரிமைக்கும் கோடு உண்டு என்பதை நினைவூட்டும் கயிறு அது. நாயைக் கூட்டிப்போகாதீர்கள்.

மே மாதம் தொடங்கியதும் உண்ணிக் கவலை ஆரம்பம். மானுண்ணியால் பரவும் லைம் நோய்க்குப் பெயர் கொடுத்த ஊர் பக்கத்துக் கனெக்டிகட்டில்தான் இருக்கிறது. முழுக்கால் சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நடங்கள். வீடு திரும்பியதும் குழந்தைகளின் காது மடல், முழங்கால் மடிப்பு, தலைமுடி எல்லாம் பாருங்கள். உண்ணி ஒட்டி ஒரு நாளுக்கு மேல் ஆனால்தான் பொதுவாக நோய் பரவும். அன்றிரவே பார்த்து இடுக்கியால் எடுத்துவிட்டால் பெரும்பாலும் பயமில்லை.

கோடை: ஜூன் முதல் ஆகஸ்டு வரை

மே மாதக் கடைசித் திங்களில் வரும் நினைவு தினம் முதல் செப்டம்பர் முதல் திங்களில் வரும் தொழிலாளர் தினம் வரை கடற்கரைப் பருவம். ஸ்கார்பரோ, ரோஜர் வீலர், ஈஸ்ட் மட்டூனக், மிஸ்குவாமிகட் ஆகியவை மாநில அரசின் பெரிய கடற்கரைகள். உயிர்காப்பாளர், கழிப்பறை, குளியலறை எல்லாம் உண்டு. சிறு குழந்தைகளோடு போகிறவர்களுக்கு என் பரிந்துரை, அலைதடுப்புச் சுவரின் மறைவில் அமைதியாக இருக்கும் ரோஜர் வீலர். வண்டி நிறுத்தக் கட்டணம் உண்டு. வெளிமாநில வண்டிகளுக்கு ஏறத்தாழ இருமடங்கு. சனி, ஞாயிறுகளில் பத்து மணிக்கு மேல் கிளம்பினால் திரும்பி வரவேண்டியிருக்கும். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு எட்டரைக்குப் போய்விடுவது எங்கள் வழக்கம்.

கரை பொது என்றாலும் கோடையில் உண்மையான வேலி, வண்டி நிறுத்துமிடம்தான். அறிவிக்கப்பட்ட பொது வழிகள் பலவற்றின் அருகே காரை நிறுத்த இடமே கிடையாது. சந்து திறந்திருக்கும், அதைச் சுற்றி அரை மைலுக்கு 'நிறுத்தாதே' பலகைகள் நிற்கும். பக்கத்தில் வீடு வைத்திருப்பவருக்கு அது வழி, மற்றவர்களுக்குப் படம். சைக்கிளோ பேருந்தோ கைகொடுக்கும் இடங்களில் அதையே நம்புங்கள். ப்ராவிடென்ஸிலிருந்து ப்ரிஸ்டல் வரை பழைய ரயில் பாதையில் அமைந்த 14.5 மைல் ஈஸ்ட் பே சைக்கிள் பாதை விரிகுடாவை ஒட்டியே போகிறது, ஏற்றமே இல்லை.

ஒரு முறை குடும்பத்தோடு கரையோரம் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு பெரியவர் இறங்கி வந்து, "இது தனியார் கடற்கரை" என்றார். கோபமில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். நான் காலடியில் கிடந்த பாசிக்கோட்டைக் காட்டி, "இதிலிருந்து பத்தடி வரை நடக்கலாம் என்று சட்டம் சொல்கிறது, சார்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்ல நாள்" என்று வாழ்த்திவிட்டுப் போய்விட்டார். விஷயம் அவ்வளவுதான். ஆனால் விசாவில் வந்திருக்கும் நம்மவர்களில் எத்தனை பேர் அந்த இடத்தில் 'சாரி' சொல்லித் திரும்பியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். சட்டத்தில் இருக்கும் உரிமை, தெரியாதவனுக்கு இல்லாத உரிமைதான்.

கோடையின் இன்னொரு சிறப்பு மட்டி தோண்டுவது. இங்குள்ள தடித்த ஓட்டு மட்டிக்குக் கோஹாக் என்று பெயர். நாரகன்செட் பழங்குடியினர் மொழியிலிருந்து வந்த சொல்; 1987 முதல் மாநிலச் சின்னங்களில் ஒன்று. இம்மாநிலத்தில் வசிப்பவர்கள் சொந்த உபயோகத்துக்கு லைசென்ஸ் இல்லாமலே தோண்டலாம். வெளிமாநிலத்தவருக்கு லைசென்ஸ் வேண்டும். சூரிய உதயத்துக்கும் மறைவுக்கும் இடையில்தான் அனுமதி. கீல் இருக்கும் பக்கத்தில் தடிமன் 1 அங்குலத்துக்குக் குறைந்தால் திரும்பக் கடலில் போட்டுவிட வேண்டும். சார்ல்ஸ்டவுனின் நினிக்ரெட் உப்பங்கழியில் நீர் வற்றிய நேரம், முழங்கால் ஆழத்தில், வெறுங்காலாலேயே தடவிக் கண்டுபிடிக்கலாம். சைவர்களுக்கும் தோண்டுவதில் தடையில்லை. எடுத்ததைத் திரும்பப் போட்டுவிடலாம்.

மட்டி தோண்டும் முன் மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் வரைபடத்தைப் பார்ப்பது கட்டாயம். ப்ராவிடென்ஸின் பழைய பகுதிகளில் மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் ஓடும். பலத்த மழை பெய்தால் கலந்து விரிகுடாவில் விழும். அப்போது வடபகுதியில் சில இடங்களை ஏழு நாட்கள் மூடிவிடுவார்கள். நகரத்துக்கு அடியில் பாறையைக் குடைந்து, மழைநாள் கழிவைத் தேக்கிவைத்துப் பிறகு சுத்திகரிக்கும் சுரங்கம் ஒன்று 2008-ல் செயல்படத் தொடங்கியது. அதன் பலனாக 2021-ல் ப்ராவிடென்ஸ் ஆற்றின் கீழ்ப்பகுதியில், 75 ஆண்டுகளுக்கு மேல் மூடிக்கிடந்த இடத்தில் மட்டி எடுக்க அனுமதித்தார்கள். பூட்டைச் சட்டம் திறக்கும் என்றால், தண்ணீரை இப்படிப்பட்ட குழாய் வேலைதான் திறக்கும்.

ஒரு முழு நாள் கிடைத்தால் ப்ளாக் ஐலண்டுக்குப் போகலாம். பாயின்ட் ஜூடித்தில் உள்ள கலிலி துறைமுகத்திலிருந்து சாதாரணப் படகில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. விரைவுப் படகில் அரை மணி. காரை விட்டுவிட்டுச் சைக்கிளோடு போவது நல்லது. தீவின் நிலத்தில் 40 சதவீதத்துக்கும் மேல் பாதுகாக்கப்பட்டது. மொஹிகன் செங்குத்துச் சரிவுகளில் படி இறங்கிக் கடலைத் தொடலாம். படிகளின் அடிப்பகுதியை அலை அரிப்பதுண்டு, அறிவிப்பைப் பார்த்து இறங்குங்கள். மேலே நிற்கும் தென்கிழக்குக் கலங்கரை விளக்கம், மண்ணரிப்புக்குப் பயந்து 1993-ல் சுமார் 300 அடி உள்ளே அப்படியே நகர்த்தப்பட்டது. அங்கிருந்து தெரியும் ஐந்து காற்றாலைகள்தான் அமெரிக்காவின் முதல் வணிகரீதியான கடல் காற்றாலைப் பண்ணை. 2016 டிசம்பரில் மின்சாரம் தரத் தொடங்கின.

இலையுதிர் காலம்: செப்டம்பர் முதல் நவம்பர் வரை

என்னைக் கேட்டால் ஆண்டின் சிறந்த மாதம் செப்டம்பர். நீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், கூட்டம் போயிருக்கும், மாநிலக் கடற்கரைகளில் பருவம் முடிந்ததும் கட்டணமும் இருக்காது. உயிர்காப்பாளரும் இருக்க மாட்டார் என்பதுதான் பயம். தொலைவில் புயல் கிளம்பினால் இங்கே வெயில் அடிக்கும்போதே பெரிய அலை வரும். ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம் உருவாகும். அலைச்சறுக்கு வீரர்களுக்குக் கொண்டாட்டம். நீச்சல் சுமாராகத் தெரிந்தவர்கள் கரையில் நின்று பாருங்கள்.

புயல் என்றால் இங்கே 1938 செப்டம்பர் 21-ஐத்தான் சொல்வார்கள். மாநிலத்தின் தென்மேற்கு நுனியில் நாபட்ரீ பாயின்ட் என்ற மணல்நாக்கில் வரிசையாக இருந்த வீடுகளை அன்று கடல் துடைத்தெடுத்தது. பிறகு யாரும் கட்டவில்லை. இன்று அது பாதுகாக்கப்பட்ட பொது இடம். இலையுதிர் காலத்தில் பருந்து, வல்லூறுகள் தெற்கே போகும் வழியில் அங்கே இறங்குகின்றன.

நியூபோர்ட்டின் க்ளிஃப் வாக் பாதையை அக்டோபரில் நடந்து பாருங்கள். ஒரு பக்கம் பழைய கோடீஸ்வரர்களின் மாளிகைப் புல்வெளி, மறுபக்கம் அட்லாண்டிக், நடுவே 3.5 மைலுக்குப் பொதுப்பாதை. கரையில் நடக்கும் உரிமைக்கு இதைவிட நல்ல காட்சிப்பொருள் கிடையாது. ஆனால் 2022 மார்ச்சில் நாரகன்செட் அவென்யூ அருகே பாதையின் ஒரு துண்டு கடலுக்குள் சரிந்தது. கடல் ஏற ஏற, பாசிக்கோடும் நிலத்துக்குள் நகரும். அதற்குப் பின்னால் சுவர் இருந்தால் நடக்க இடமே இருக்காது. வரும் காலத்தில் வழக்குகள் இதைச் சுற்றித்தான் வரும் என்று நினைக்கிறேன்.

காட்டில் நடக்க விரும்புகிறவர்களுக்கு ஆர்கேடியா வனப்பகுதி இருக்கிறது. ஸ்டெப்ஸ்டோன் அருவி வரை நடக்கலாம். அருவி என்றால் குற்றாலத்தை எதிர்பார்க்காதீர்கள். படிப்படியாகத் தண்ணீர் வழியும், அவ்வளவே. செப்டம்பர் இரண்டாம் சனி முதல் பிப்ரவரி இறுதிவரை வேட்டைப் பருவம் என்பதால், மாநில வனங்களில் நடப்பவர்களும் பளிச்சிடும் ஆரஞ்சு நிறம் அணிய வேண்டும்: குறைந்தது 200 சதுர அங்குலம், துப்பாக்கியால் மான் வேட்டையாடும் நாட்களில் 500. பத்து டாலருக்கு ஒரு மேலாடை வாங்கிக் காரிலேயே போட்டுவையுங்கள்.

மாநிலத்தின் மிக உயர்ந்த இடம் ஜெரிமத் குன்று, 812 அடி. ஏறுவது தெரியாது, காட்டுக்குள் ஐந்து நிமிட நடை. முன்பு பாதை தனியார் நிலத்தில் இருந்ததால் ஆண்டில் சில நாட்கள்தான் போக முடிந்தது. மாநிலங்களின் உச்சிகளையெல்லாம் தொட நினைப்பவர்களுக்கு மலையேற்றத்தைவிட இதுதான் கடினம் என்று கேலி செய்வார்கள். இப்போது பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது.

குளிர்காலம்: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை

டிசம்பரில் நாலரை மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். பெரும்பாலோர் வீட்டுக்குள் அடைந்துவிடுகிறார்கள். ஆனால் கரை உண்மையில் எல்லோருக்கும் பொதுவாக இருப்பது இந்த மூன்று மாதங்களில்தான். கட்டணமில்லை, கூட்டமில்லை, காரை எங்கே நிறுத்துவது என்ற தலைவலியும் குறைவு.

நார்த் கிங்ஸ்டவுனின் ரோம் பாயின்ட் காட்டுப்பாதை வழியே நடந்து கடலை அடைந்தால், நீர் வற்றிய நேரம் பாறைகளில் சீல்கள் வாழைக்காய்ச் சீப்பு போல வளைந்து படுத்திருப்பதைக் காணலாம். ஹார்பர் சீல் 2016 முதல் மாநிலத்தின் கடல்வாழ் பாலூட்டி. பைனாகுலர் அவசியம், 150 அடிக்குள் நெருங்கக் கூடாது. மிடில்டவுனின் சாச்சுவெஸ்ட் பாயின்ட் சரணாலயத்தில் ஹார்லெக்வின் வாத்துகள் குளிர்காலம் முழுக்க அலைநுரையில் மிதக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் பனி ஆந்தையும் தென்படும். அனுமதி இலவசம். ஜேம்ஸ்டவுனில் 1749-ல் முதன்முதலில் கலங்கரை விளக்கம் அமைந்த பீவர்டெய்ல் முனையில் அலை பார்க்கலாம். ஈரப்பாறையில் இறங்காதீர்கள், மீன் பிடிக்கப் போனவர்களை அலை இழுத்துச் சென்ற இடம். பனிச்சறுக்கு கற்றுக்கொள்ள எக்ஸிட்டரில் யாகூ வேலி என்று ஒரே ஒரு சிறிய சரிவு உண்டு. தொடங்குகிறவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அது போதும்.

சில நடைமுறைக் குறிப்புகள்

ஓத அட்டவணையைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். மட்டி, சீல், கரையோர நடை மூன்றுக்குமே நீர் வற்றிய நேரம்தான் நல்லது. நடக்க இடமும் அதிகம், தகராறும் குறைவு.

கடலில் தூண்டில் போடவும் லைசென்ஸ் வேண்டும். இணையத்தில் சில நிமிடங்களில் வாங்கலாம். வரிகள் ஓடும் ஸ்ட்ரைப்டு பாஸ் மீனுக்கு 2023-ல் வந்த விதிப்படி 28 அங்குலம் முதல் 31-க்குள் இருக்க வேண்டும், நாளொன்றுக்கு ஒன்று. விதிகள் மாறக்கூடியவை, கிளம்பும் முன் சரிபாருங்கள்.

கடைசியாக, உங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள பொது வழி எது என்று பட்டியலில் பார்த்து, அதன் வழியே ஒரு முறை நடந்து போய்ப் பாருங்கள். யாரும் நடக்காத சந்தில் புதர் மண்டும், பலகை காணாமல் போகும், பத்தாண்டு கழித்து அது யாருடைய தோட்டம் என்பதில் சந்தேகம் வரும். வழிகளைத் தத்தெடுத்துப் பராமரிக்கும் திட்டமும் கடலோரக் குழுவிடம் இருக்கிறது. முடியாதவர்கள் குடும்பத்தோடு அவ்வப்போது நடந்தாலே போதும். இந்த உரிமையை முந்நூறு ஆண்டுகள் காப்பாற்றியதில் நீதிமன்றங்களைவிட, மீன் பிடிக்கவும் பாசி அள்ளவும் தினமும் நடந்தவர்களின் பங்குதான் அதிகம்.